அன்செலோட்டிக்குத் தனிப் பாணி உண்டா?

இத்தாலியக் கால்பந்துப் பயிற்சியாளர் கார்லோ அன்செலோட்டியைப் பற்றி மூன்று விஷயங்கள் கேட்டிருந்தீர்கள். விளையாடிய காலத்தில் அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர்? பயிற்சியாளராக அவருக்கென்று ஒரு பாணி உண்டா, இல்லை பெரிய நட்சத்திரங்கள் கிடைத்ததால் ஜெயித்தவரா? பழைய ஆட்டங்களில் எதையெல்லாம் தேடிப் பார்க்கலாம்? இரண்டாவது கேள்விக்கான விடை முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் பழைய கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பாணி இருக்கிறது. ஆனால் அதை 4-4-2, 4-3-3 என்று, தடுப்பில் எத்தனை பேர், நடுக்களத்தில் எத்தனை பேர், முன்னால் எத்தனை பேர் என்ற எண்களில் தேடினால் கிடைக்காது. கையில் இருக்கும் ஆட்டக்காரருக்கு எந்த இடம் பொருந்தும் என்று கண்டுபிடித்து, அவரைச் சுற்றி மற்றவர்களை அடுக்குவதுதான் அந்தப் பாணி. பயிற்சியாளரான முதல் சில ஆண்டுகளில் அவரிடம் இது கொஞ்சமும் கிடையாது. நேர்மாறாக இருந்தார். ஒரு பெரிய தவறு செய்துதான் இதைக் கற்றுக்கொண்டார்.

அன்செலோட்டி 1959 ஜூன் 10 அன்று வடக்கு இத்தாலியின் எமிலியா-ரொமாஞ்ஞா பகுதியில் ரெஜ்ஜியோலோ என்ற சிற்றூரில் பிறந்தவர். விவசாயக் குடும்பம். அப்பா மாடு வளர்த்துப் பால் கறந்தவர். அந்தப் பால் பார்மிஜானோ சீஸாக மாறும். அந்த சீஸ் பதமாவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், காசு அதற்கப்புறம்தான் கைக்கு வரும். அப்பாவின் அந்தக் காத்திருப்பைப் பற்றி அன்செலோட்டி பல பேட்டிகளில் பேசியிருக்கிறார். தன் பொறுமை அங்கிருந்து வந்தது என்பார். ஆட்டத்தின் 89-வது நிமிடத்தில் தோற்றுக்கொண்டிருக்கும்போதும் இடது புருவத்தை மட்டும் உயர்த்திக்கொண்டு நிற்கிற அந்த மனிதரைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

பக்கத்து நகரமான பார்மாவின் அணியில்தான் தொடங்கினார். அப்போது பார்மா மூன்றாம் நிலை லீக்கில் இருந்தது. பயிற்சியாளர் செசாரே மால்தீனி, பின்னாளில் அன்செலோட்டி பயிற்றுவித்த மிலான் அணிக்குத் தலைவராக விளையாடிய பாவ்லோ மால்தீனியின் அப்பா. அவர் இந்தப் பையனை முன்கள வீரருக்குப் பின்னால், கோல் அடிக்கும் இடத்தில் நிறுத்தினார். 1979-ல் இரண்டாம் நிலைக்கு ஏறுவதற்கான தீர்மான ஆட்டத்தில் திரியெஸ்தினா அணியைக் கூடுதல் நேரத்தில் 3-1 என்று பார்மா வென்றது. அதில் இரண்டு கோல் அன்செலோட்டியுடையது. அடுத்த பருவமே ரோமா அவரை வாங்கிவிட்டது.

ரோமாவில் அவருக்குக் கிடைத்தவர் நில்ஸ் லீட்ஹோல்ம் என்ற ஸ்வீடன்காரர். அன்செலோட்டியைப் புரிந்துகொள்ள இவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தாலி முழுக்க ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு தடுக்கும் காலத்தில், அவரவர் பகுதியைக் காக்கும் முறையை ரோமாவில் கொண்டுவந்தவர். பந்தை அவசரமில்லாமல் சுற்றவிட்டு ஆடச் சொன்னவர். குரலை உயர்த்தாதவர் என்று பெயர் வாங்கியவர். அந்த அணியில் பிரேசிலின் ஃபல்காவ், புரூனோ கோன்டி, தலைவர் அகோஸ்தினோ தி பார்த்தொலொமேய் எல்லாம் இருந்தார்கள். இவர்களுக்கு நடுவில் அன்செலோட்டி கோல் அடிக்கும் பையனாக இல்லாமல், ஓடி, பந்தைப் பறித்து, அடுத்தவருக்குச் சுத்தமாகக் கொடுக்கும் நடுக்கள ஆட்டக்காரராக மாறினார். 1982-83 பருவத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு ரோமா லீக் பட்டத்தை வென்றது. நான்கு இத்தாலியக் கோப்பைகளும் அவருடைய ரோமா காலத்தில் வந்தவை. கடைசியில் அணித் தலைவராகவும் இருந்தார்.

ஆனால் அந்த எட்டு வருடங்களில் அவர் இழந்ததும் நிறைய. 1981 அக்டோபரில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அதனால் 1982 உலகக் கோப்பை போனது, இத்தாலி அந்தக் கோப்பையை வென்றது. சரி, மீண்டு வந்தார். 1983 டிசம்பரில் இன்னொரு முழங்கால். 1984 மே 30 அன்று ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதி ஆட்டம், அதுவும் ரோமாவின் சொந்த மைதானத்தில், லிவர்பூலுக்கு எதிராக. பெனால்டியில் ரோமா தோற்றதை அவர் வெளியில் இருந்துதான் பார்த்தார். ஒரு ஆட்டக்காரருடைய இருபத்தைந்து வயதுக்குள் ஒரு உலகக் கோப்பை, ஒரு ஐரோப்பிய இறுதி இரண்டும் கைநழுவுவது சின்ன விஷயம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனின் மனதை இவர் இவ்வளவு நன்றாகப் புரிந்துகொள்கிறாரே என்று ஆச்சரியப்படுபவர்கள் இந்த வருடங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தேசிய அணியில் அவர் ஆடியது 26 ஆட்டங்கள். 1981 ஜனவரியில் மொன்தெவிதேயோவில் நெதர்லாந்துக்கு எதிராக அறிமுகம், அந்த ஆட்டத்திலேயே ஒரு கோல். இத்தாலிக்காக அவர் அடித்த ஒரே கோலும் அதுதான். 1990-ல் சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த அணியில் இருந்தார்.

1987-ல் அரிகோ சாக்கி மிலானுக்குப் பயிற்சியாளராக வந்தார். நடுக்களத்துக்கு அன்செலோட்டிதான் வேண்டும் என்று கேட்டார். இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆனவர், வயது 28. உரிமையாளர் பெர்லுஸ்கோனி தயங்கினார். சாக்கி விடவில்லை. வந்த பிறகும் சும்மா விடவில்லை. நன்றாக ஆடுகிறார், ஆனால் மொத்த அணியும் சேர்ந்து எப்படி நகர வேண்டும் என்பது இவருக்குத் தெரியவில்லை என்று, மற்றவர்களுக்கு முன்பே வரச்சொல்லி இளையோர் அணிப் பையன்களுடன் சேர்த்துப் பாடம் எடுத்தார். லீக் வென்றவர், ரோமாவுக்கே தலைவராக இருந்த ஒருவர், சின்னப் பையன்களுடன் நின்று அரிச்சுவடியிலிருந்து படிக்கிறார். அந்தப் பணிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

சாக்கியின் மிலானைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே தேவையானது இவ்வளவுதான்: தடுப்பு வரிசைக்கும் முன்வரிசைக்கும் இடையே இருபத்தைந்து, முப்பது மீட்டருக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. பந்து போகும் பக்கம் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் நகர வேண்டும். எதிரணி பந்தை வாங்கியதும் நெருக்க வேண்டும். இந்த இயந்திரத்தின் நடு அச்சாக அன்செலோட்டி இருந்தார். பக்கத்தில் ரைக்கார்ட், முன்னால் குல்லிட், வான் பாஸ்டன், பின்னால் பரேசி. 1989 ஏப்ரல் 19, சான் சிரோ மைதானம், ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான அரையிறுதி. முதல் கோல் அன்செலோட்டி தூரத்திலிருந்து அடித்தது. ஆட்டம் 5-0 என்று முடிந்தது. மே 24 அன்று பார்சலோனாவில் ஸ்தெயாவா புக்காரெஸ்டை 4-0 என்று வென்று ஐரோப்பியக் கோப்பை. அடுத்த வருடம் வியன்னாவில் பென்ஃபிக்காவை வென்று மீண்டும் அதே கோப்பை.

1992-ல் ஓய்வு. சான் சிரோவில் கடைசி ஆட்டத்தில் வெரோனாவுக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் மாற்று வீரராக இறங்கி இரண்டு கோல் அடித்தார். கோல் அடிப்பதையே விட்டுவிட்டிருந்த மனிதர்! அரங்கம் எழுந்து நின்றது.

ஆக, ஆட்டக்காரராக அவர் யார்? ஃபல்காவ் போல் மேதை கிடையாது, அதை அவரே சொல்வார். மேதைகளுக்குப் பக்கத்தில் நின்று அவர்களுடைய வேலையை எளிதாக்கியவர். லீட்ஹோல்மிடம் நிதானத்தையும் சாக்கியிடம் ஒழுங்கையும் கற்றவர். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இழுபறியாக அவருக்குள் இருந்தன. பயிற்சியாளரான பிறகு அந்த இழுபறியில் முதலில் ஜெயித்தது சாக்கியின் ஒழுங்குதான்.

ஓய்வு பெற்றதும் தேசிய அணியில் சாக்கிக்கு உதவியாளராகச் சேர்ந்தார். 1994-ல் பாசடேனாவில் பிரேசிலிடம் பெனால்டியில் தோற்ற உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெஞ்சில் இருந்தார். 1995-ல் சொந்த மாவட்டத்து அணியான ரெஜ்ஜானாவை ஏற்று, முதல் பருவத்திலேயே மேல் லீக்குக்கு ஏற்றினார். 1996-ல் பார்மா. இப்போது பார்மா பணக்கார அணி. கோலில் பதின்ம வயதுப் புஃபோன், தடுப்பில் கன்னவாரோவும் துராமும், முன்னால் கிரெஸ்போவும் கியேசாவும். 4-4-2 என்றால் 4-4-2, அதில் ஒரு நூல்கூட விலகமாட்டேன் என்று நின்றார். முன்களத்தில் நுட்பமாக ஆடும் ஜான்ஃபிராங்கோ சோலாவைத் தூக்கி ஓரத்தில் நிறுத்தினார். சோலாவுக்கு அது ஒத்துவரவில்லை, இங்கிலாந்தின் செல்சீக்குப் போய்விட்டார். அங்கே ரசிகர்கள் கொண்டாடும் நட்சத்திரமானார். அணி தொடக்கத்தில் தடுமாறி, பின்பு எழுந்து, யுவென்டஸுக்கு இரண்டே புள்ளி பின்னால் இரண்டாம் இடத்தில் முடித்தது. முடிவு நன்றாக இருந்ததால், தான் செய்ததுதான் சரி என்ற எண்ணம் கெட்டிப்பட்டுவிட்டது.

அடுத்த கோடையில், 1997-ல், ராபர்ட்டோ பாஜியோ பார்மாவுக்கு வரத் தயாராக இருந்தார். முன்கள வீரர்களுக்குப் பின்னால் சுதந்திரமாக ஆட வேண்டும் என்பது பாஜியோவின் விருப்பம். என் அணியில் அப்படி ஒரு இடமே கிடையாது என்று அன்செலோட்டி மறுத்துவிட்டார். பாஜியோ போலோன்யாவுக்குப் போனார், அந்தப் பருவம் லீக்கில் மட்டும் 22 கோல் அடித்தார். இத்தாலியின் மிகப்பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். நீங்கள் போட்ட கோட்டுக்குள் அவர் அடங்கமாட்டார் என்று கதவைச் சாத்துகிறீர்கள். இதைத் தவறு என்று அன்செலோட்டி பின்னால் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அவருடைய பயிற்சி வாழ்க்கையில் இதைவிட முக்கியமான நிகழ்ச்சி இல்லை என்பேன். ஐந்து சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஏனென்றால் அடுத்து அவர் போனது யுவென்டஸ், அங்கே இருந்தவர் பிரான்சின் நடுக்கள மேதை ஜிதான். 1999 பிப்ரவரியில் பயிற்சியாளர் லிப்பி விலகியதும் பொறுப்பேற்றார். யுவென்டஸ் ரசிகர்கள் அவரை ஏற்கவே இல்லை. மிலான்காரர், ரோமாகாரர் என்று திட்டினார்கள். ஆனால் ஜிதானைத் தினமும் பயிற்சியில் பார்த்தபோது, இவரை ஓரத்தில் நிறுத்துவது பாவம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. 4-4-2-ஐக் கைவிட்டார். பின்னால் மூன்று பேர், நடுவில் நான்கு, முன்னால் இருவர், அவர்களுக்குப் பின்னால் ஜிதான் தனியாக. கோப்பைதான் வரவில்லை. 2000 மே 14 அன்று பெருஜாவில் கொட்டிய மழையில் ஆட்டம் பாதியில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்று, பிறகு தொடர்ந்து, 1-0 என்று தோற்று, ஒரே புள்ளியில் லாட்சியோவிடம் லீக்கை இழந்தார்கள். அடுத்த வருடம் ரோமாவிடம் இரண்டு புள்ளியில். 2001-ல் வேலை போனது.

அதே ஆண்டு நவம்பரில் மிலான் அழைத்தது. பெரிய பெயர் எல்லாம் இங்கேதான். ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது கோப்பைகளைவிட ஒரு மனிதரின் இட மாற்றத்தை. ஆந்திரேயா பிர்லோ அதுவரை முன்பக்கம் ஆடியவர். இன்டர் அணியில் இடம் கிடைக்காமல் அலைந்தவர். பிரெஷியாவில் மாட்சோனே என்ற பழுத்த பயிற்சியாளர் அவரைச் சில மாதங்கள் பின்னால் இறக்கி ஆடவைத்திருந்தார், அங்கே முன்னால் பாஜியோ இருந்ததால். மிலானிலும் முன்னால் கூட்டம்: ரூயி கோஸ்டா, ரிவால்டோ, செடோர்ஃப். தடுப்பு வரிசைக்கு முன்னால் ஆடுகிறேன் என்று பிர்லோவே கேட்டார், அன்செலோட்டி சரி என்றார். அந்த இடம் எது தெரியுமா? அன்செலோட்டி தானே ஆடிய இடம். பந்தைப் பறிப்பவன் நிற்க வேண்டிய இடம் என்று இத்தாலி நம்பிய இடத்தில், வேகமும் இல்லாத, மோதி ஜெயிக்கும் உடம்பும் இல்லாத ஒருவரை நிறுத்தினார். பக்கத்தில் கத்தூசோவைக் காவலுக்கு விட்டார். இத்தாலியர்கள் இந்த இடத்தில் ஆடுபவரை 'ரெஜிஸ்தா' என்பார்கள், இயக்குநர் என்று பொருள். பிர்லோவுக்கு அடுத்த பத்து ஆண்டுகள் அந்தச் சொல்லே அவர் பெயராகிவிட்டது. 2006-ல் இத்தாலி உலகக் கோப்பை வென்றபோது நடுக்களத்தில் ஆட்டத்தை நடத்தியவரும் அவர்தான்.

இதிலிருந்து வந்ததுதான் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று பெயர் பெற்ற 4-3-2-1. கீழே அகலமாகத் தொடங்கி மேலே ஒரே ஆளாகக் குவிவதால் அந்தப் பெயர். பேரறிஞர் வகுத்த சூத்திரம் மாதிரிப் பலரும் இதைப் பேசுவார்கள். உண்மையில், பந்தை நன்றாக ஆளத் தெரிந்த நாலைந்து பேரை ஒரே நேரத்தில் களத்தில் வைக்க வேண்டுமே என்ற தேவையிலிருந்து பிறந்தது அது. பாஜியோவுக்கு ஒரு இடம் கண்டுபிடிக்க முடியாதவர், ஐந்து வருடத்தில் எல்லோருக்கும் இடம் கண்டுபிடிக்கிறார்.

2003-ல் மான்செஸ்டரில் யுவென்டஸைப் பெனால்டியில் வென்று சாம்பியன்ஸ் லீக். தன்னை ஏற்காத அதே அணியை. 2004-ல் லீக். அப்புறம் 2005 மே 25, இஸ்தான்புல், லிவர்பூலுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி. நமக்கு அது நள்ளிரவு தாண்டிய நேரம். பாதி நேரத்தில் மிலான் 3-0 என்று முன்னிலை. என்னோடு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தூங்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். 54, 56, 60: ஆறே நிமிடத்தில் ஜெரார்ட், ஸ்மிட்செர், ஷாபி அலோன்சோ மூன்று கோல். கூடுதல் நேரத்தில் ஷெவ்செங்கோ மிக அருகிலிருந்து இரண்டு முறை அடித்ததை லிவர்பூல் கோல்கீப்பர் டூடெக் தடுத்தார், பெனால்டியிலும் தடுத்தார். விடியும்வரை தூக்கம் வரவில்லை. அந்த முதல் பாதிதான் மிலான் ஆடியதிலேயே அழகான நாற்பத்தைந்து நிமிடம் என்று இன்றும் நினைக்கிறேன். தோற்றதால் அதை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை, அது வருத்தம்தான்.

இன்னொரு பயிற்சியாளராக இருந்தால் அணியைக் கலைத்திருப்பார். இவர் கலைக்கவில்லை. 2006-ல் ஆட்ட முறைகேட்டு வழக்கில் மிலானுக்கு எட்டுப் புள்ளி வெட்டு விழுந்தது. அணியும் வயதாகிவிட்டது என்றார்கள். அந்த வயதான அணி 2007 அரையிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 3-2 என்று தோற்றுவிட்டு, சான் சிரோவில் மழையில் 3-0 என்று திருப்பியது. மிலானின் காகா அப்போது உலகிலேயே சிறந்த ஆட்டக்காரர். ஏதென்ஸில் அதே லிவர்பூல், இன்சாகியின் இரண்டு கோல், 2-1.

மிலானுக்குப் பிந்தைய ஆண்டுகளில் சிலவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். செல்சீயில் 2009-10 பருவம் லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் சேர்ந்து வந்தன. லீக்கில் 103 கோல், அதுவரை இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் எந்த அணியும் தொடாத எண்ணிக்கை. அந்தக் கோப்பை இறுதிக்கு முன்னால் திட்டத்தை ஆட்டக்காரர்களையே பேசித் தீர்மானிக்கச் சொன்னார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அடுத்த வருடம் இரண்டாம் இடம் வந்ததற்காக, கடைசி ஆட்டம் முடிந்த சில மணி நேரத்தில் வேலையை விட்டு அனுப்பினார்கள். பாரிசின் பி.எஸ்.ஜி. அணியில் 2013-ல் லீக், அந்த அணிக்கு 1994-க்குப் பிறகு முதல் முறை.

2013-ல் ரியல் மாட்ரிட். பத்தாவது ஐரோப்பியக் கோப்பைக்காகப் பதினொரு வருடமாகத் தவித்துக்கொண்டிருந்த அணி. பேல், பென்சிமா, ரொனால்டோ மூவரும் முன்னால் ஆடியே ஆக வேண்டும். அப்படியானால் ஓரத்தில் ஓடும் அங்ஹெல் தி மரியாவுக்கு இடமில்லை. அவரை விற்றுவிடுவார்கள் என்றுதான் பேச்சு. அன்செலோட்டி அவரை நடுக்களத்தின் இடப்பக்கத்துக்குக் கொண்டுவந்தார், மோட்ரிச்சுக்கும் அலோன்சோவுக்கும் பக்கத்தில். ஓர ஆட்டக்காரருடைய நுரையீரல், நடுக்களத்தில். அந்தப் பருவத்தின் திறவுகோல் அதுதான். லிஸ்பன் இறுதியில் அட்லெடிகோ 1-0 என்று முன்னால் இருக்க, 93-வது நிமிடத்தில் ரமோஸ் தலையால் அடித்த கோல். கூடுதல் நேரத்தில் 4-1. மாட்ரிட்டின் இரண்டாவது கோல், பேல் அடித்தது, தி மரியா இடப்பக்கம் கிழித்துக்கொண்டு ஓடி அடித்த பந்திலிருந்து வந்தது. அன்று தேதி 2014 மே 24. ஆட்டக்காரராக முதல் ஐரோப்பியக் கோப்பை வென்று சரியாக இருபத்தைந்து வருடம். ஒரே வருடம் கழித்து மாட்ரிட்டும் அனுப்பிவிட்டது.

இங்கே விமர்சகர்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மிலானில் அவ்வளவு ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு எட்டு வருடத்தில் ஒரே ஒரு லீக். மொத்தப் பயிற்சி வாழ்க்கையிலும் ஐரோப்பிய லீக் பட்டங்கள் ஆறுதான். 38 வாரம் ஒரே இறுக்கத்தில் அணியை ஓட்டிச்செல்வது அவருடைய பலம் இல்லை. பிடி தளர்வானது. ஜெர்மனியின் பயேர்னில் அது வெளிச்சமாகவே தெரிந்தது. முந்தைய பயிற்சியாளர் கார்டியோலாவின் கடுமைக்குப் பழகிய ஆட்டக்காரர்களுக்கு இவருடைய பயிற்சி போதவில்லை. 2017-ல் லீக் வென்றார், ஆனால் அதே செப்டம்பரில் பாரிசில் ரொபன், ரிபெரி, ஹும்மல்ஸ் மூவரையும் பெஞ்சில் உட்காரவைத்து 3-0 என்று தோற்றதும் வேலை போனது. ஆட்டக்காரர்களின் மனதை அறிந்தவர் என்று பெயர் எடுத்தவர், ஓர் உடைமாற்றும் அறையையே இழந்தார். நாப்போலியிலும் அரைகுறையாகவே முடிந்தது. சாம்பியன்ஸ் லீக்கில் 4-0 என்று வென்று அடுத்த சுற்றுக்குப் போன இரவே நீக்கப்பட்டார்.

இங்கிலாந்தின் எவர்டனுக்குப் போனபோது பெரிய அணிகள் இனி இவரைக் கூப்பிடாது என்றே நானும் நினைத்தேன். 2021 பிப்ரவரியில் லிவர்பூல் மைதானத்தில் எவர்டன் 1999-க்குப் பிறகு முதல் முறையாக வென்றது, அது அந்த ஊர் ரசிகர்களுக்கு அவர் கொடுத்த நல்ல நினைவு. லீக்கில் பத்தாம் இடம். 'நட்சத்திரங்கள் கிடைத்ததால் ஜெயித்தவர்' என்ற வாதத்துக்கு இந்தப் பத்தாம் இடம் நல்ல சான்று, மறுக்கமாட்டேன். அவருடைய கலைக்கு வேலை செய்ய ஒரு பிர்லோவோ தி மரியாவோ வேண்டும். ஆனால் அதே நட்சத்திரங்களை வேறு பலர் கையில் வைத்துக்கொண்டு தோற்றார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2021 கோடையில் ஜிதான் விலக, மாட்ரிட் மறுபடி அவரையே அழைத்தது. 2022-ல் ஸ்பெயின் லீக்கை வென்றதும் இத்தாலி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் ஐந்திலும் லீக் வென்ற முதல் பயிற்சியாளர் ஆனார். அடுத்த மாதம் பாரிசில் லிவர்பூலை 1-0 என்று வென்று நான்காவது சாம்பியன்ஸ் லீக். வேறு எந்தப் பயிற்சியாளரும் மூன்றுக்கு மேல் வென்றதில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2023-24. பென்சிமா போய்விட்டார், சரியான மாற்று வாங்கவில்லை. ஆகஸ்டிலேயே கோல்கீப்பர் கூர்துவாவுக்கும் மிலிதாவோவுக்கும் முழங்கால் தசைநார் கிழிந்தது, டிசம்பரில் அலாபாவுக்கும். முழங்கால் என்றால் என்னவென்று அந்தப் பயிற்சியாளருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுக்கள ஆட்டக்காரராக வந்த இருபது வயது பெல்லிங்காமை முன்கள இருவருக்குப் பின்னால் நிறுத்தினார், எதிரணியின் கோல் பெட்டிக்குள் ஓடு என்றார். லீக்கில் மட்டும் 19 கோல். நடுக்களத்து சுவாமேனியை அவ்வப்போது தடுப்பில் இறக்கினார். லீக்கும் வந்தது, வெம்ப்ளியில் டோர்ட்மண்டை 2-0 என்று வென்று ஐந்தாவது சாம்பியன்ஸ் லீக்கும் வந்தது. யோசித்துப் பாருங்கள், 1979-ல் செசாரே மால்தீனி இருபது வயது அன்செலோட்டியை நிறுத்தியதும் பெல்லிங்காம் ஆடிய அதே இடத்தில்தான்.

கடைசிப் பருவம் நன்றாக இல்லை. எம்பாப்பே வந்த பிறகு சமநிலை அமையவில்லை, ஆர்சனலிடம் இரண்டு ஆட்டத்திலும் தோற்றார்கள். 2025 மே மாதம் பிரேசில் தேசிய அணிக்குப் போனார். மாட்ரிட்டில் அவருக்குப் பிறகு பொறுப்பேற்றவர் ஷாபி அலோன்சோ, இஸ்தான்புல்லில் மூன்றாவது கோல் அடித்தவர், பின்னால் மாட்ரிட்டிலும் பயேர்னிலும் அவரிடமே ஆடியவர். பிர்லோ, கத்தூசோ, செடோர்ஃப், இன்சாகி, நெஸ்தா, ஜிதான்: அவரிடம் ஆடிப் பயிற்சியாளர் ஆனவர்களின் வரிசை நீளம்.

இனி மூன்றாவது கேள்வி. 1989 ஏப்ரல் 19 மிலான்–மாட்ரிட் ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். கோல்களை விட்டுவிட்டு அன்செலோட்டி பந்து இல்லாதபோது எங்கே நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள். அடுத்து 2005 இறுதியின் முதல் பாதி, பிர்லோவையும் காகாவையும் பார்ப்பதற்காக. 2007 அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். நேரம் இருந்தால் 2014 இறுதியில் தி மரியாவைத் தொடருங்கள்.

கடைசியாக 2022 மே 4, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், மாட்ரிட்–மான்செஸ்டர் சிட்டி. 89 நிமிடம்வரை இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 5-3 என்று சிட்டி முன்னால். ரோட்ரிகோ ஒன்றரை நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடிக்கிறார், கூடுதல் நேரத்தில் பென்சிமாவின் பெனால்டி. ஆட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கூடுதல் நேரத்தில் கேமரா பெஞ்சுப் பக்கம் திரும்பும்போது நிறுத்திப் பாருங்கள். களத்திலிருந்து மாற்றப்பட்ட க்ரூஸும், அன்று இறங்கவே இல்லாத மார்செலோவும் எழுந்து நிற்கிறார்கள். நடுவில் அன்செலோட்டி. அடுத்து யாரை இறக்கலாம் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.